சனிக்கிழமை முரண்டும் லொறி

எங்கள் தோட்டத்து லொறிக்கு வாரத்தில் ஒருநாள் மட்டும் பிடிவாதம் வரும். மற்ற நாட்களில் முன்னால் இருக்கும் ஹேண்டிலை மாமா ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், இரண்டு தும்மல் தும்மிவிட்டு ஓடத் தொடங்கிவிடும். சனிக்கிழமை காலையில் மட்டும் தோட்டமே கூடி நின்று கெஞ்சினாலும் அசையாது. தேயிலைப் பெட்டிகள் ஓப்பநாயக்க ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நாளும் அந்தச் சனிக்கிழமைதான். ஆகவே அது வேண்டுமென்றே செய்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். பள்ளிக்கூடம் போகவேண்டிய காலையில் எனக்கு வயிற்றுவலி வருகிறதே, அதுபோல லொறிக்கும் ஏதோ ஒரு வலி வருகிறது என்பது என் எண்ணம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்து ஆளாக்கினாள். வரிசை வீடான லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றைக் காம்பராவிலேயே ஒரு பக்கத்தைச் சாக்குத் திரை போட்டு மறைத்து அவருக்கு விட்டிருந்தோம். துரைக்கும் ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்கும் அடுத்தபடியாகத் தோட்டத்தில் காலில் சப்பாத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். அந்தச் சப்பாத்து கிடக்கும் இடத்தைக்கூட அம்மா ஒரு மரியாதையோடுதான் கூட்டுவாள். மற்ற வீட்டு ஆண்கள் மண் கிளறும் முள்ளுக் கரண்டியும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்துக்கொண்டிருக்கும்போது தன் தம்பி லொறி ஓட்டுகிறான் என்பது அவளுக்கு லேசுப்பட்ட விஷயமில்லை.

அந்த வருஷம் மாமாவுக்குக் கல்யாணமானது. பெண் றக்வானைப் பக்கத்துத் தோட்டம். தாலி கட்டி முடிந்ததும், துரையிடம் அனுமதி வாங்கி, மாமா தன் லொறியிலேயே மாமியை அழைத்து வந்தார். முன் சீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஹார்ன் அடித்தபடி வந்து இறங்கியதை லயத்துப் பெண்கள் வாயில் கைவைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு மாமியை வந்த அன்றைக்கே பிடித்துவிட்டது. நான் ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை. ஓர் இடத்தில் இருக்கமாட்டேன், ஒரு பதிலோடு நிற்கமாட்டேன். அம்மாவிடம் கேட்டால் வாயை மூடு என்பாள். அப்பா ஃபேக்டரியில் இலை அரைக்கிற ரோலர் இரைச்சலில் வேலை செய்து செய்து பாதி காது கேட்காதவர், அவரிடம் கேட்டுப் பயனில்லை. மாமி மட்டும்தான் நான் கேட்டதை யோசித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வாள். தெரியாவிட்டால் தெரியாது என்பாள். பெரியவர்கள் அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

எங்கள் ஃபேக்டரி ஒரு பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து ரோடு செங்குத்தாக மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு கல்லைத் தாண்டி, அப்புறம் ஓப்பநாயக்க பக்கம் இறங்கும். அந்தக் கல்தான் எங்கள் காவல் சாமி ரோதைமுனி. ஃபேக்டரியின் பெரிய ரோதைச் சக்கரம் நிற்காமல் சுற்றுவதற்கும், யாருடைய கையும் அதில் மாட்டாமல் இருப்பதற்கும் அவர்தான் பொறுப்பு. தோட்டத்துக்கு லொறி வந்தபோது, அதற்கும் சக்கரம் இருக்கிறது என்ற கணக்கில் அதையும் அவர் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்கள்.

தம்பிக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தால், ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமை எல்லாம் லொறி முனியின் காலடியில் ராத்தங்கும் என்று அம்மா நேர்ந்திருந்தாள். மறுநாள் போகவேண்டிய தேயிலைப் பெட்டிகளையும் ஏற்றி, சாமியைப் பார்த்த மாதிரி நிறுத்தி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு வந்துவிடவேண்டும். காலைவரை யாரும் தொடக்கூடாது. மற்ற நாட்களில் ஃபேக்டரி முற்றத்துச் சமதரையில் நிற்கிற லொறி, கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை, பெட்டிகளைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியது.

அன்று நடந்ததை எங்கள் தோட்டத்தில் ரொம்ப நாள் பேசினார்கள். கல்லுக்குச் சற்றுக் கீழே, மேட்டின் செங்குத்தான இடத்தில், மாமா எதுவும் செய்யாமலேயே லொறி இரண்டு தரம் இருமிவிட்டுத் தானாக அடங்கி நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இயந்திரத்துக்குக்கூடச் சாமி தெரிகிறதே என்று வேலையாட்களை மேய்க்கும் கங்காணி சொன்னார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். அப்பா இரண்டு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார்.

மறுநாள் விடிந்து மாமா ஹேண்டிலைச் சுற்றினார். லொறி எழும்பவில்லை. மறுபடியும் சுற்றினார், மறுபடியும் சுற்றினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறு இரண்டு பேர் மாறிமாறிச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு வந்து நின்ற ஆண்களையெல்லாம் கூப்பிட்டு, கயிறு கட்டி இழுத்தும் பின்னால் தள்ளியும், கல்லைத் தாண்டி உச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மாமா ஹேண்டிலைத் தொட்டதுதான் தாமதம், லொறி ஓடத் தொடங்கிவிட்டது.

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாமி முன்னால் தானாக அடங்கும், சனிக்கிழமை எழும்ப மறுக்கும், முனியைத் தாண்டியதும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். இதைவிட வெளிச்சமாக ஒரு சாமி எப்படித்தான் பேசும்? முனிக்கு ஏதோ கோபம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எதற்குக் கோபம் என்பதில்தான் பேச்சு. அப்பா மட்டும் பனி இறங்கி எஞ்சின் குளிர்ந்துவிடுகிறது என்று சொல்லி, எங்கள் காம்பராவில் இருந்த ஒரே நல்ல சாக்கைக் கொண்டுபோய் அதன் மேல் போர்த்திவிட்டு வந்தார். டீமேக்கர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். பூசையைக் கூட்டிப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் சேவல் கொடுத்தார்கள். சேவலுக்கும் லொறி மசியவில்லை.

நடுவில் ஒரு புதன்கிழமை, ஓப்பநாயக்க கடைவீதியில் பஸ் வைத்திருந்த நானாவை மாமா கூட்டிவந்தார். எஞ்சின் விஷயத்தில் அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. முற்றத்தில் நின்ற லொறியின் ஹேண்டிலை அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். உடனே ஓடியது. நிறுத்திவிட்டு மறுபடியும் சுற்றினார். மறுபடியும் ஓடியது. வண்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லி, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நல்ல வைத்தியர் வந்ததும் நோய் ஒளிந்துகொள்ளும் என்பதை அன்றைக்கு நானும் பார்த்தேன். பெரியவர்களுக்கு அதில் வேறு செய்தி கிடைத்தது. வண்டியில் கோளாறு இல்லை என்று விஷயம் தெரிந்தவரே சொல்லிவிட்டார், அப்படியானால் கோளாறு மனிதர்களிடம்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் கங்காணி. புதுப்பெண் தோட்டத்துக்கு வந்த அன்று, முனி இருக்கும் இடத்தில் இறங்கி நடந்து வராமல், முன் சீட்டில் உட்கார்ந்தபடியே தாண்டி வந்துவிட்டாள் என்று அவர் நினைவுபடுத்தினார். சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாதான் அதைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்னால் லொறி முரண்டவில்லை, கல்யாணத்துக்குப் பின்னால் முரண்டுகிறது. நடுவில் புதிதாக வந்தது யார்? தான் நேர்ந்துகொண்ட வெள்ளிக்கிழமைகளும் நடுவில்தான் வந்தன என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் தோன்றவில்லை என்பதால் அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

அம்மா கெட்டவள் இல்லை. மாமியைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லொறிப் பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் முதலில் சொன்னாள். பிறகு பூசைச் சாமானைத் தொடவேண்டாம் என்றாள். பிறகு மாமாவுக்குச் சோறு போடுகிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். சோறு போடுவதற்கும் லொறிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் மாமியிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். தெரியாது என்றாள்.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மழையில் மேடு வழுக்கி, லொறி உச்சிக்குப் போய்ச் சேர நெடுநேரமாகிவிட்டது. ரயில் போய்விட்டது. பெட்டிகள் ஸ்டேஷனில் கிடந்தன. பெரட்டுக்கு ஆள் குறைந்ததற்கும் சேர்த்துத் துரை மாமாவைக் கூப்பிட்டு, இன்னொரு சனிக்கிழமை இப்படி நடந்தால் கேகாலையிலிருந்து வேறு டிரைவர் வருவான் என்று சொல்லிவிட்டார். மாமா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சப்பாத்தைக் கழற்றினார், போட்டார், மறுபடியும் கழற்றினார். அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அவள் பின்னாலேயே நானும் நடந்தேன். எங்கள் காம்பராவில் அந்த வாரம் முழுக்க யாரும் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

வியாழக்கிழமை மாலை அம்மா அதைச் சொன்னாள். மாமி விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா வாசலில் நின்று ஒரு பழைய துணியால் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்ச நாளைக்கு ஒங்க அண்ணன் வீட்டுல போயி இருந்துட்டு வாம்மா. சாமி கோவம் தணியட்டும். இவன் வேல போயிருச்சுன்னா நாம யாரும் இங்க இருக்க முடியாது.”

மாமி அம்மாவைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள். மாமா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் எப்போதோ போய்விட்டது. பிறகும் ஒவ்வொரு விரலாக எடுத்துத் துடைத்தார். மாமி மிச்ச விறகையும் அடுக்கி முடித்துவிட்டு எழுந்து, தன் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். சனிக்கிழமை லொறியில் போய் ஓப்பநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து றக்வானை பஸ் பிடிப்பது என்று ஏற்பாடு. லொறியை எழும்பவிடாமல் செய்கிறவள் என்று சொல்லி ஒருத்தியை அதே லொறியில் அனுப்பிவைக்கிறார்களே, அது எழும்பாவிட்டால் எப்படி அனுப்புவார்கள் என்று எனக்கு அப்போதே கேட்கத் தோன்றியது. கேட்டேன். அம்மா அடித்தாள்.

துரை அப்படிச் சொன்ன பிறகு மாமா சும்மா இருக்கவில்லை. இந்த முறை சனிக்கிழமையே வந்து பார்க்கும்படி நானாவைக் கெஞ்சிக் கேட்டிருந்தார். நானா பஸ்ஸைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, விடியும்போதே மேட்டில் ஏறி வந்துவிட்டார். லொறி வழக்கம்போல மூக்கை மேலே தூக்கிக்கொண்டு முனியைப் பார்த்து நின்றது. மாமியின் தகரப் பெட்டியைத் தேயிலைப் பெட்டிகளுக்கு மேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மாமி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். லொறி எழும்பக்கூடாது என்று முனியிடம் வேண்டுவதா, எழும்பவேண்டும் என்று வேண்டுவதா என்று எனக்குத் தீரவில்லை. எழும்பாவிட்டால் மாமா வேலை போகும், எழும்பினால் மாமி போவாள்.

நானா ஹேண்டிலைச் சுற்றிப் பார்த்தார். எழும்பவில்லை. அவருக்கு அது சந்தோஷம் போலிருந்தது. அடியில் படுத்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் வருகிற இடத்தில் இருந்த சின்னக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. எழுந்து வந்து மாமியிடம், “கொஞ்சம் எறங்குங்க தங்கச்சி,” என்றார். மாமி இறங்கியதும் அவள் உட்கார்ந்திருந்த சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் டாங்கி அதற்கடியில்தான் இருந்தது. ஒரு தேயிலைக் குச்சியை ஒடித்து உள்ளே விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, மாமாவிடம் லொறி மற்ற நாட்களில் எங்கே நிற்கும் என்று கேட்டார். மாமா கீழே முற்றத்தைக் காட்டினார். நானா முற்றத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

“வண்டியில ஒரு பிழையுமில்ல தம்பி. பெட்ரோல் அடியில கொஞ்சம்தான் ஈக்கிது. மூக்க மேல வெச்சி நிப்பாட்டினா அது பொறகால போய்ப் படுத்துக்கும். எஞ்சினுக்கு எப்பிடி வாறது?”

புதிய பெட்ரோல் டின்கள் ஓப்பநாயக்கவிலிருந்து சனிக்கிழமைதான் வரும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை டாங்கி எப்போதும் வற்றித்தான் இருக்கும். கங்காணி விடவில்லை, முனியைத் தாண்டியதும் ஓடுகிறதே, அதற்கென்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நானா ரோட்டைக் காட்டினார். கல்லைத் தாண்டியதும் ரோடு சமதரை. எத்தனையோ வருஷமாக நடந்த ரோட்டை எல்லாரும் நேற்றுப் போட்டது போலப் பார்த்தார்கள். அம்மா மெதுவாக, வெள்ளிக்கிழமைகளில் அது சாமி முன்னால் தானாக அடங்குகிறதே என்றாள். நானா அவளை நோகடிக்க விரும்பாதவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அது கும்பிட்டதில்ல தங்கச்சி. பெட்ரோல் வராம நின்டது.”

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

வழி சுலபமானதுதான். லொறியைப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணித் திருப்பி, மேட்டில் பின்பக்கமாக ஏற்றவேண்டும், அப்போது பெட்ரோல் எஞ்சின் பக்கம் வரும் என்றார் நானா. அப்படியானால் லொறி முனிக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே ஏறிவரும். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் கங்காணிதான் யோசனை சொன்னார். கோயிலில் சாமிக்குத் திரை போடுவதில்லையா? அவரும் அப்பாவும், எஞ்சினுக்குப் போர்த்தியிருந்த அதே சாக்கை எடுத்து, கல்லுக்கு முன்னால் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானா லொறியை ஓட்டினார். அது வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒரு தரம்கூட இருமாமல், புகையோடு மேட்டில் ஏறித் திரையைத் தாண்டிப் போனது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை. மாமியும் மூடவில்லை.

உச்சியில் எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. கங்காணி சாக்கை உதறிக்கொண்டே சிரித்தார். அப்பா நானாவின் முதுகில் தட்டினார். மாமா ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நிமிர்ந்து நின்றார். அம்மா என்னை இழுத்து, மாமியின் பெட்டியை இறக்கச் சொல்லி மாமாவிடம் போய்ச் சொல் என்றாள். மாமியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா மேலே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். அதை அவிழ்த்தால் தேயிலைப் பெட்டிகளையும் அவிழ்த்துக் கட்டவேண்டும். “ரயிலுக்கு நேரமாகுது,” என்றார்.

மாமி அப்போதுதான் மேட்டில் நடந்து வந்தாள். முனியைத் தாண்டும்போது நிற்கவில்லை, பார்க்கவுமில்லை. மாமா சொன்னது அவள் காதில் விழுந்தது. சீட்டைச் சரியாகப் போட்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். நான் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு, பெட்ரோல்தான் காரணமாம், அவள் மேல் ஒன்றும் இல்லையாம், இறங்கி வரலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

“லொறிக்கு என்னா கொறைன்னு எத்தன பேரு கேட்டாங்க பாத்தியா புள்ள? டவுன்லேருந்து ஆளு கூட்டியாந்து கேட்டாங்க. என்னைய ஒருத்தரும் கேக்கல.”

“நான் கேக்கவா மாமி?”

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “நீ கேட்டுக்கிட்டே இரு,” என்றாள். மாமா வந்து ஹேண்டிலைச் சுற்றினார். ஒரே சுற்று.

அன்று மாலை லொறி அரிசி மூட்டைகளோடும் பெட்ரோல் டின்களோடும் திரும்பி வந்தது. முன் சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பெட்ரோல்தான் வந்துவிட்டதே, இனி மாமியும் வந்துவிடுவாள் என்று நான் சாப்பிடாமல் வாசலில் நின்றேன். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு டின் எடுத்துவைக்கத் துரை உத்தரவு போட்டார். டாங்கி நிறைந்த லொறி சாமி முன்னால் இருமவுமில்லை, தானாக அடங்கவுமில்லை. மாமாதான் நிறுத்தவேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் பெட்டி போனது. மாமாவின் வேலையும் போகவில்லை.

மாமி கேட்டுக்கொண்டே இரு என்று சொன்னாளே, நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாமா டாங்கியைப் பார்க்கச் சீட்டைத் தூக்கும்போது பக்கத்தில் போய் நின்று, றக்வானைக்குப் போக இந்தப் பெட்ரோல் பத்துமா என்று கேட்பேன். மாமா குச்சியை விட்டு எடுப்பார். குச்சி முழுக்க நனைந்திருக்கும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். “அடுத்த வாரம் பாப்பம்,” என்பார்.

றக்வானை அவ்வளவு தூரம்போல என்று நினைத்துக்கொள்வேன். ஒரு முழு டாங்கி பெட்ரோலுக்கும் எட்டாத தூரத்தில் மாமிக்கு எப்படி ஓர் அண்ணன் வீடு வாய்த்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.